ஆரணி நெசவாளர் குடும்பங்களில் குழந்தை வளர்ப்பு

ஆரணி நெசவாளர் குடும்பங்களில் குழந்தை வளர்ப்பு என்பது, தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டு நெசவைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் தம் பிள்ளைகளை வளர்க்கும் முறையையும், அம்முறைக்கு அடிப்படையாக உள்ள விழுமியங்களையும் நம்பிக்கைகளையும் குறிக்கும். வீடே தொழிற்கூடமாகவும் இருப்பது இக்குடும்பங்களின் சிறப்பியல்பு ஆகும். இதனால் குழந்தை வளர்ப்பும் தொழிற்பயிற்சியும் நெடுங்காலமாக ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாதவையாக இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து பள்ளிக்கல்வியின் பரவல், குழந்தைத் தொழிலாளர் தொடர்பான சட்டங்கள், கைத்தறித் தொழிலின் நலிவு ஆகியவற்றால் இந்நிலை மாறி வந்துள்ளது. எனினும், முன்பு பிள்ளையைத் தறியில் அமர்த்திய அதே விழுமியங்களே இன்று பிள்ளையைத் தறியில் இருந்து விலக்கிப் பள்ளிக்கு அனுப்பவும் காரணமாக உள்ளன என்பது கவனிக்கத்தக்கது.

கோட்பாட்டுப் பின்னணி

குழந்தை வளர்ப்பு எல்லாச் சமூகங்களிலும் ஒரே வகையாக அமைவதில்லை. அமெரிக்க ஆய்வாளர்களான சாரா ஹார்க்னஸ், சார்லஸ் சூப்பர் ஆகியோர் 1986ஆம் ஆண்டில் இதை விளக்க ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். அதன்படி, ஒரு குழந்தையின் வளர்ச்சியை மூன்று கூறுகள் சூழ்ந்துள்ளன. அவையாவன:

1. குழந்தை வாழும் இடமும் அதனுடன் வாழும் மனிதர்களும்
2. அச்சமூகத்தில் வழங்கும் வளர்ப்பு வழக்கங்கள்
3. நல்ல பிள்ளை, நல்ல பெற்றோர் என்பன குறித்துப் பெற்றோர் கொண்டுள்ள கருத்துகள்

கென்யாவின் கிப்சிகிசு மக்களிடையே அவர்கள் நடத்திய ஆய்வு இதற்கு ஒரு சான்றாகும். அங்குள்ள தாய்மார் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் முனைந்து பயிற்சி அளித்தனர். ஆகவே, அக்குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட முன்னதாகவே அவற்றைச் செய்தனர். எதைப் பெற்றோர் முக்கியம் எனக் கருதுகின்றனரோ அதைக் குழந்தை விரைவில் கற்கிறது என்பது இதனால் புலனாகும். ஆரணி நெசவாளர் குடும்பங்களையும் இந்த மூன்று கூறுகளின் வழியாக நோக்கலாம்.

ஊரும் சமூகங்களும்

ஆரணி கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சிப் பகுதியில் ஏறத்தாழ 64 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். பட்டுச் சேலையும் அரிசியும் இவ்வூரின் பெயர்பெற்ற பொருட்களாகும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. காஞ்சிபுரம் பட்டுடன் ஒப்பிடுகையில் ஆரணிச் சேலை பொதுவாக எடை குறைந்ததாகக் கருதப்படுகிறது. நகரில் மட்டுமன்றித் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் நெசவு நடைபெறுகிறது.

செங்குந்தர், சௌராட்டிரர் ஆகியோர் இங்கு நெசவுடன் நெடுங்காலத் தொடர்புடைய சமூகத்தினர் ஆவர். செங்குந்தர் முருகனை முதன்மைத் தெய்வமாக வழிபடுபவர்கள். முருகனின் படைத்துணைவரான நவவீரர்களின் வழிவந்தவர்களாகத் தம்மைக் கருதுபவர்கள். சௌராட்டிரர் வீட்டில் இந்தோ-ஆரிய மொழியான சௌராட்டிரத்தையும் வெளியில் தமிழையும் பேசுகின்றனர். ஆகவே, இச்சமூகக் குழந்தைகள் இரு மொழிகளுடன் வளர்கின்றனர். இம்மொழி பள்ளியில் கற்பிக்கப்படுவதில்லை. இதனால் மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்வது பெரும்பாலும் தாயையும் பாட்டியையும் பொறுத்ததாக உள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 2.47 லட்சம் பேர் சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டிருந்தனர்.

அடிப்படை விழுமியங்கள்

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது தமிழில் பரவலாக வழங்கும் பழமொழி ஆகும். பிள்ளையின் இயல்பு பெற்றோரிடம் இருந்தே வருகிறது என்னும் நம்பிக்கையை இது நெசவின் மொழியில் கூறுகிறது. இதன் மறுபக்கமாக, பிள்ளை தவறு செய்தால் பழி பெற்றோரைச் சேரும் என்ற எண்ணமும் வலுவாக உள்ளது. ஆகவே, குழந்தையின் நடத்தை குடும்பத்தின் மானத்துடன் இணைத்தே பார்க்கப்படுகிறது. சுவரோடு சுவராக வீடுகள் அமைந்த நெசவாளர் தெருக்களில் ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருப்பதில்லை. இதுவும் அவ்வெண்ணத்தை வலுப்படுத்துகிறது.

அடக்கம், பொறுமை, பெரியோர் சொல் கேட்டல், பொருளை வீணாக்காமை ஆகியவை பிள்ளையிடம் எதிர்பார்க்கப்படும் பண்புகள் ஆகும். இவற்றுள் கடைசிப் பண்பு நெசவாளர் வீடுகளில் தனி முக்கியத்துவம் பெறுகிறது. பட்டு நூலும் சரிகையும் விலை மிகுந்தவை. பல வீடுகளில் அவை முதலாளிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ உரியவை. சிறு குழந்தை தறி மீதுள்ள பாவை இழுத்துவிட்டால் குடும்பத்தின் பல நாள் கூலி வீணாகலாம். எனவே, எதைத் தொடக் கூடாது என்பது நெசவாளர் வீட்டுக் குழந்தை முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்றாகும்.

அன்பை வெளிக்காட்டுவது குறித்த கருத்தும் குறிப்பிடத்தக்கது. தமிழ்க் குடும்பம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அன்பை, சிறப்பாகத் தாயன்பை, அடக்கியும் மறைத்தும் வைப்பது ஒரு நெறியாக இருப்பதை விளக்கினார். பிள்ளையைப் பிறர் முன் புகழ்வதைத் தாய் தவிர்க்கிறாள். தாயின் ஆசை மிகுந்த பார்வைகூடக் குழந்தையைப் பாதிக்கும் என அஞ்சுகிறாள். வெளியார் கண்ணுக்குப் பாராமுகமாகத் தோன்றுவது உண்மையில் காக்கும் செயலாக இருக்கலாம் என்பதே இதன் பொருளாகும்.

பிறப்பும் கைக்குழந்தைப் பருவமும்

முதல் பேறு தாய்வீட்டில் நிகழ்வது வழக்கம் ஆகும். பிறந்த குழந்தைக்குக் குடும்பத்தில் மதிக்கப்படும் ஒருவரைக் கொண்டு சர்க்கரை நீரை நாவில் தொட்டு வைப்பதைச் 'சேனை வைத்தல்' என்பர். சேனை வைப்பவரின் குணம் குழந்தைக்கும் வரும் என்பது நம்பிக்கை. எனவே, யார் சேனை வைப்பது என்பது சிறு செய்தியாகக் கருதப்படுவதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும், முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் தரக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. இதன் அடிப்படையில் மருத்துவமனைகள் சேனை வைப்பதைத் தடுக்கின்றன.

முதல் ஆண் குழந்தைக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடும் வழக்கம் உண்டு. பேரன் என்ற சொல் 'பெயரன்', அதாவது பாட்டனின் பெயரைத் தாங்கியவன், என்பதில் இருந்து வந்ததாகும். மொட்டையடித்தலும் காது குத்துதலும் குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி நடத்தப்படுகின்றன. இச்சடங்குகள் குழந்தை பெற்றோருக்கு மட்டும் உரியதன்று, இரு குலங்களுக்கும் பொதுவானது என்பதை உணர்த்துகின்றன.

கைக்குழந்தை பழைய சேலையால் கட்டிய ஏணையில் உறங்குகிறது. தாயும் நெசவில் ஈடுபடும் வீடுகளில் தறிச் சத்தம் கேட்கும் தொலைவிலேயே ஏணை கட்டப்படுவதால், நாடா ஓடும் ஓசைக்கு இடையே உறங்கப் பழகுவது குழந்தைக்கு இயல்பாகிறது. பாட்டி, அத்தை, மூத்த பெண் குழந்தை என்று பலர் குழந்தையைப் பார்த்துக்கொள்கின்றனர்.

கண்ணேறு குறித்த நம்பிக்கை

பிறர் பார்வையால் தீங்கு நேரும் என்ற நம்பிக்கை கண்ணேறு அல்லது திருஷ்டி எனப்படுகிறது. குழந்தையின் கன்னத்திலோ உள்ளங்காலிலோ மைப்பொட்டு இடுதல், இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுதல், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் இடுதல் ஆகியவை இதற்குரிய பரிகாரங்களாகும். சில வகைக் கண்மைகளில் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளதால், கண்ணுக்குள் மை தீட்டுவதை மருத்துவர்கள் ஏற்பதில்லை.

இந்நம்பிக்கைக்குச் சமூகப் பயன் ஒன்றும் உண்டு எனலாம். அக்கம்பக்கத்தினர் ஒரே தொழிலைச் செய்து ஏறக்குறைய ஒரே வருவாயில் வாழும் தெருவில், தன் பிள்ளையின் சிறப்பைப் பறைசாற்றுவது உறவைக் கெடுக்கும். கண்ணேறு அச்சம் அத்தகைய பெருமை பேசுதலைக் கட்டுப்படுத்துகிறது.

தறியடியில் கற்றல்

மரபான முறையில் நெசவு வகுப்பறையில் கற்பிக்கப்படுவதில்லை, பார்த்தே கற்கப்படுகிறது. குழித்தறியின் அருகே அமர்ந்து பார்க்கும் குழந்தைக்கு முதலில் தார்க்குச்சியை எடுத்துத் தருவது போன்ற சிறு ஏவல்கள் தரப்படும். பின்னர் இராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றவும், அறுந்த இழையை முடிச்சிடவும், புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளுடன் பிணைக்கவும் பழகும். அதன் பின்னரே தறியில் அமர்ந்து வெறும் உடல் பகுதியை நெய்ய விடுவர். கரையும் முந்தானையும் நெய்வது கடைசி நிலையாகும்.

விசயதசமி நாள் இதில் முக்கியமானது. எழுத்தறிவு தொடங்குவதற்கு உரிய நாளாக அது கருதப்படுகிறது. அதற்கு முந்தைய நாளான ஆயுத பூசையன்று தறிக்குப் பொட்டிட்டு வழிபடுவர். ஏடும் தறியும் அடுத்தடுத்த நாட்களில் வணங்கப்படுவதால், இரண்டும் கல்வியே என்ற எண்ணம் குழந்தையிடம் பதிகிறது.

பொருளின் விலை கற்பிக்கும் முறையையே மாற்றக்கூடும். மெக்சிகோவின் சினகாந்தான் என்னும் மாயா ஊரில் பெண் குழந்தைகள் நெசவு கற்பதை உளவியலாளர் பாட்ரிசியா கிரீன்ஃபீல்டு 1970ஆம் ஆண்டளவிலும், பின்னர் 1990களின் தொடக்கத்திலும் ஆராய்ந்தார். முதல் ஆய்வின்போது தாய் அருகில் அமர்ந்து தவறு நேராதபடி ஒவ்வொரு படியிலும் உதவினாள். இரண்டாம் ஆய்வின்போது பணப் பொருளாதாரம் பரவியிருந்தது. சிறுமிகள் பெரும்பாலும் தாமாகவே முயன்று, தவறி, திருத்திக் கற்றனர். பட்டு நெசவில் தவறின் விலை எப்போதும் உயர்ந்தே இருப்பதால், இங்கு கற்பித்தல் முதல் வகையை ஒத்துள்ளது. பிள்ளையைத் தானாக முயல விடாமல் கண்காணிப்பது பெற்றோரின் கடுமையால் மட்டும் விளைவதன்று.

ஆண், பெண் வேறுபாடு

தறியில் அமர்ந்து நெய்வது ஆணின் வேலை, நூல் சுற்றுவதும் இழை பிணைப்பதும் பெண்ணின் வேலை என்ற பாகுபாடு மரபில் இருந்தது. ஆண் பிள்ளை தொழிலின் வாரிசாகவும், பெண் பிள்ளை வேறு வீட்டுக்குச் செல்பவளாகவும் வளர்க்கப்பட்டனர். ஆனால் பெண்கள் சுற்றிய நூல் இல்லாமல் தறி ஓடாது. அவ்வாறிருந்தும் அவர்கள் உழைப்பு தனிக் கூலியாகக் கணக்கிடப்படாமல் சேலைக் கூலிக்குள் அடங்கிவிடுவது வழக்கம். இப்பாகுபாடு தளர்ந்துள்ளது. 2019–20ஆம் ஆண்டு நடைபெற்ற நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 70க்கும் மேற்பட்டோர் பெண்கள் ஆவர்.

குழந்தைத் தொழில்

வேலை செய்து வளரும் பிள்ளையே நல்ல பிள்ளை என்ற விழுமியத்தின் இருண்ட பக்கம் குழந்தைத் தொழில் ஆகும். பட்டு நெசவில் இதற்குப் பண்பாடு மட்டும் காரணமன்று. தொழில்நுட்பமும் கடனும் காரணங்களாக இருந்தன.

கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் தேவை. தறியின் ஒரு பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள நெசவாளருக்கு இன்னொருவர் வேண்டும். இவ்வேலைக்குக் கூலி குறைவு என்பதால் இதில் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். மேலும், முதலாளியிடம் பெறும் முன்பணம் குடும்பத்தைத் தறியுடன் பிணைத்தது. தம் வீட்டில் தறி இல்லாத ஏழைப் பெற்றோர் முன்பணம் பெற்றுக்கொண்டு பிள்ளையைப் பிறர் தறிக்கு அனுப்பினர். கடன் தீரும் வரை பிள்ளை அங்கிருந்து விலக முடியாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டம் இத்தகைய பிணைப்பைக் குற்றமாக்கியது. எனினும், மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரம் உட்பட இந்தியாவின் பல பட்டு மையங்களில் குழந்தைகள் கொத்தடிமைகளாக இருந்ததைப் பதிவு செய்தது.

பிஞ்சு விரல்களே நுண்ணிய வேலைக்கு ஏற்றவை என்ற கருத்து இதற்கு நியாயமாகக் கூறப்பட்டது. இந்தியக் கம்பளத் தொழில் குறித்து 1990களில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சார்பில் நடைபெற்ற ஆய்வு இதை மறுத்தது. மிக நுண்ணிய முடிச்சுகளைக் கொண்ட கம்பளங்களை நெய்வதில் குழந்தைகள் பெரியவர்களை விஞ்சவில்லை என அது கண்டறிந்தது.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரைத் துணி நெசவில் அமர்த்துவதைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தினரின் உதவியுடன் நடைபெறும் தொழிற்கூடங்களுக்கு விலக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தம் எல்லாத் தொழில்களிலும் 14 வயதுக்கு உட்பட்டோரை அமர்த்துவதைத் தடுத்தது. எனினும் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதித்தது. வீடே தறிக்கூடமாக உள்ள ஊரில், பெற்றோருக்கு உதவுவது எங்கே முடிகிறது, உழைப்புச் சுரண்டல் எங்கே தொடங்குகிறது என்பதைச் சட்டத்தால் மட்டும் பிரித்தறிவது எளிதன்று. பிள்ளை பள்ளிக்குச் செல்கிறதா, வேலையை விட்டு எழுந்து போக அதனால் இயலுமா என்ற இரு வினாக்களும் இவ்வேறுபாட்டை அறிய உதவும்.

பள்ளியும் தறியும்

தொழில் கற்பது பெற்றோரிடமா, கல்வி பள்ளியிலா என்னும் வினா தமிழ்நாட்டு அரசியலில் பெரும் விவாதமாகியுள்ளது. 1953ஆம் ஆண்டு சென்னை மாநில முதலமைச்சர் இராசகோபாலாச்சாரி அறிமுகப்படுத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, ஊர்ப்புறப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டும். இது சாதியால் அமைந்த தொழிலில் பிள்ளைகளை நிறுத்தி வைக்கும் குலக்கல்வித் திட்டம் எனப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கடுமையாக எதிர்த்தனர். காமராசர் முதலமைச்சரான பின் 1954ஆம் ஆண்டில் இத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் வந்த மதிய உணவுத் திட்டமும், 1982ஆம் ஆண்டின் சத்துணவுத் திட்டமும், 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்தன.

இதே விவாதம் அண்மையில் மீண்டும் எழுந்தது. 2023ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் குடும்பத் தொழிலை அடிப்படையாகக் கொண்டது, 18 வயதிலேயே சேர்க்கக்கூடியது என்பதால் தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக 2025ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்த அளவு வயது 35 என வைக்கப்பட்டது. படிக்கும் வயதில் இளைஞர் கல்வியை விட்டுவிடக் கூடாது என்பது இதன் நோக்கமாகும்.

மாற்றங்கள்

மூன்றாம் கைத்தறிக் கணக்கெடுப்பில் (2009–10) 43.31 லட்சமாக இருந்த இந்தியக் கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, நான்காம் கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தது. விசைத்தறிப் போட்டி, பட்டு விலையேற்றம், கூலி உயராமை ஆகியவற்றால் பிள்ளைகளைத் தறியில் அமர்த்த விரும்பாத பெற்றோர் பெருகியுள்ளனர். பொறியியல், செவிலியம், அரசுப் பணி ஆகியவை விரும்பப்படுகின்றன. ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி ஒன்றும் உள்ளது.

இம்மாற்றத்தால் பழைய விழுமியங்கள் மறைந்துவிடவில்லை. குடும்பத்தின் பெயரைக் காக்க வேண்டும் என்ற கடமை இப்போது தேர்வு மதிப்பெண்ணைச் சார்ந்துள்ளது. நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்து உழைக்கும் பொறுமை தறியில் இருந்து பாடப் புத்தகத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. முன்பு தறிக்குப் பெற்ற முன்பணத்தைப் போல இன்று கல்விக் கடன் பெறப்படுகிறது. அதைத் தீர்க்கும் பொறுப்பும் பிள்ளையின் மேல் விழுகிறது. பெற்றோர் தம் உழைப்பைச் சொல்லிக் காட்டாமல் இருப்பதும், பிள்ளை அதை உணர்ந்து நடக்க வேண்டும் என எதிர்பார்ப்பதும் தொடர்கின்றன.

மறுபுறம், கைத்திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்வது தடைப்படுகிறது. பார்த்துக் கற்கும் குழந்தை இல்லாத வீட்டில் இத்திறனைக் கற்பிக்க மரபான வழி எதுவுமில்லை. 1960ஆம் ஆண்டில் சேலத்தில் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் போன்றவை, பிறப்பைப் பாராமல், பள்ளிக்கல்வி முடித்த எவரும் நெசவுத் தொழில்நுட்பத்தைப் பயிலும் வாய்ப்பை அளிக்கின்றன.

பிற சமூகங்களுடன் ஒப்பீடு

எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களிடையே குழந்தை வளர்ப்பு கடா எனப்படும் அமைப்புடன் தொடர்புடையது. இதில் ஆண்கள் எட்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு படிநிலையில் இருந்து அடுத்த படிநிலைக்குச் செல்கின்றனர். 2016ஆம் ஆண்டில் யுனெசுக்கோ இதைப் புலப்படாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரோமோக்களின் ஒரு பிரிவினரான போரானாக்களிடையே முதல் படிநிலையில் உள்ள சிறுவர்கள் முடியை வெட்டாமல் வளர்க்கின்றனர். அவர்கள் புனிதமானவர்களாகக் கருதப்படுவதால் தண்டிக்கப்படுவதில்லை. தமிழ்க் குடும்பங்களிலும் சிறு குழந்தை தெய்வத்துக்கு ஒப்பானது என்ற கருத்து உள்ளது. கண்டிப்பு ஏறத்தாழ ஐந்து வயதுக்குப் பின்னரே தொடங்குகிறது.

பிற குடும்பத்துக் குழந்தையைத் தம் குழந்தையாக ஏற்று வளர்க்கும் குடிப்பச்சா என்னும் வழக்கமும் ஒரோமோக்களிடம் உண்டு. இவ்விரு மரபுகளுக்கும் இடையே உள்ள முதன்மை வேறுபாடு பொறுப்பு எங்கே உள்ளது என்பதாகும். கடா அமைப்பில் சிறுவனின் கடமைகள் பெரும்பாலும் அவன் சேர்ந்துள்ள படிநிலையால் அறுதியிடப்படுகின்றன. நெசவாளர் மரபில் அவற்றை வீடும் குலமும் அறுதியிட்டன. ஆகவே, ஆரணியில் ஒரு பிள்ளை தறியை விட்டு வேறு தொழிலுக்குச் செல்வது அப்பிள்ளையின் தனி முடிவாக அமைவதில்லை. பெரும்பாலும் குடும்பம் முழுவதும் சேர்ந்து எடுக்கும் முடிவாகவே அமைகிறது.